ஏழு வாய்கள்

தேவாலாவில் மழை விட்ட நாள் என்று எழுத
பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்திருந்தால்
அன்று காலை எழுதியிருப்பேன்.
இருந்தவை நான்கே கட்டங்கள்:
எண், அகலம், உயரம், ஆழம்.
பழைய தங்கச் சுரங்க வாய்களை எல்லாம்
கணக்கெடுத்து வரச் சொல்லி உத்தரவு.
கணக்கு முடிந்ததும் காங்கிரீட் வரும்.

தைரியநாதன் முன்னால் நடந்தான்
கணுக்காலில் உப்புப் பொட்டலத்தோடு.
எனக்கும் ஒன்று கட்டச் சொன்னான்.
"கவர்மென்ட் ஆளுன்னு அட்டைக்குத் தெரியாது மேடம்."

முதல் வாய் ஒரு பன்றி புகும் அளவு.
இரண்டாவதில் தேயிலை வேர்கள்
திரைபோலத் தொங்கின.
மூன்றாவதை யாரோ குப்பையால் நிரப்பியிருந்தார்கள்:
டயப்பர், உரச்சாக்கு, ஒரு டிவியின் முதுகு.
நான்காவதில் வௌவால்கள்.
நாடா பிடித்த கையில்
சூடாக ஏதோ விழுந்தது.
துடைத்துவிட்டு எழுதினேன்: 1.4 மீட்டர்.

ஐந்தாவதன் எதிரில் கொதிகலன் கிடந்தது.
கப்பலில் வந்து
கோழிக்கோட்டில் இறங்கி
மாடுகள் இழுக்க
மாடுகள் சாக
வேறு மாடுகள் இழுக்க
மலையேறிய இரும்பு.
அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு
ஒரு காட்டத்தி நிற்கிறது.

லண்டனில் பங்குப் பத்திரம் விற்ற வேகத்துக்குப்
பாறை பொன் தரவில்லை.
வெங்கச்சங்கல்லை இடித்து
மாவாக்கி
பாதரசத்தில் குழைத்து எரித்தால்
மிஞ்சியது ஒரு மூக்குத்திக்குக் காணாது என்று
ஒரு துரை எழுதிய கடிதத்தை
ஆவண அறையில் பார்த்திருக்கிறேன்.
கையெழுத்து அவ்வளவு அழகு.
காய்ச்சலில் போனவர்களுக்கு அவன் ஒதுக்கியது
அரை வரி:
கூலிகள், சிலர்.

கம்பெனி போனது. தேயிலை வந்தது.
இலங்கையிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.
தைரியநாதனின் அப்பாவும் வந்தார்
மண்டபம் முகாமில் கொடுத்த அட்டையோடு.
அட்டை என்றதும் குனிந்து காலைப் பார்த்தேன்.
சிரித்தான்.
"இது கடிக்காத அட்டை மேடம்."
பத்தடி நடந்த பிறகு,
"சில நேரம் கடிக்கும்."

நீயும் இறங்கியிருக்கிறாயா என்று கேட்டேன்.
"இலை கொறைஞ்ச மாசத்துல
எறங்காதவன் யாரு."

ஆறாவது இடிந்து மூடியிருந்தது.
வாசலில் செவ்வந்தி மாலை ஒன்று
காய்ந்து நாராகி.
"போன வருசம்."
எத்தனை பேர்?
"சில பேர்" என்றான்.
பிறகு என் முகத்தைப் பார்த்துப்
பெயர்களைச் சொன்னான். மூன்று.
எந்தக் கட்டத்திலும் அடங்காமல்
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

ஏழாவது வாயில்
மெழுகு இன்னும் இளகியிருந்தது.
ஒரு சிவப்புத் தூக்குவாளி.
ஈர மண்ணில் உள்ளே போன காலடி.
திரும்பிய காலடி இல்லை.

தைரியநாதன் கல்லை எடுத்து
பழைய தண்டவாளத் துண்டில்
மூன்று தட்டுத் தட்டினான்.
மலை யோசித்தது.
பிறகு உள்ளிருந்து
பிள்ளை உதைப்பதுபோல்
இரண்டு.

அரைமணி கழித்து வெளியே வந்தாள்,
முதலில் மூட்டை, பிறகு தலை.
இமையெல்லாம் கல்மாவு.
யோகராணி, நாடுகாணிக்காரி.
என் கழுத்து அடையாள அட்டையை,
நாடாவை, பதிவேட்டைப்
பார்த்தாள்.
வாய் கொப்பளித்துத் துப்பினாள்.
"என்னைக்கு அடைக்கிறாங்க?"
திங்கட்கிழமை லாரி வரும் என்றேன்.
விரல் மடக்கினாள்.
"அப்ப நாலு நாள் இருக்கு."

உள்ளே எவ்வளவு தூரம்?
"அளந்ததில்ல.
மெழுகுவத்தி பாதி எரிஞ்சா
திரும்பிருவேன்."

வாளியைத் திறந்து
அவித்த கிழங்கை மூன்றாகப் பிட்டாள்.
அவள் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளை.
தின்னும்போது பல்லில் மணல் நறநறத்தது.
மணலா,
ஒரு மூக்குத்தியின் நூறில் ஒரு பங்கா,
தெரியாமலே விழுங்கினேன்.

ஆழம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
அரை மெழுகுவத்தி.
தாசில்தார் அதை அடித்து
மீட்டரில் கேட்பார்.
கேட்கட்டும்.

தேயிலைக்குள் அவள் மூட்டை
அசைந்து அசைந்து மறைந்த பிறகு
எழுந்து மண்ணைத் தட்டினேன்.
"எட்டா..."
"இல்ல மேடம்" என்றான்
நான் முடிப்பதற்குள்.
"ஏழுதான்."
அவனுக்குப் பின்னால் புதர்மேட்டில்
மிதிபட்டு மிதிபட்டு வழுவழுத்த
ஒரு தடம் ஏறிப் போனது.

பேனாவை மூடினேன்.